பிரேக் தட்டும் என் அரிசி டின்னும்

எனக்கு எழுபத்திரண்டு வயது. ஐந்து பிள்ளைகளை வளர்த்தேன். நாலு ஆண், கடைசியில் ஒரு பெண். அந்தப் பெண் தத்தி நடக்கும்போதே அவள் நைனா, என் வீட்டுக்காரர், இறந்துபோய்விட்டார். மாங்காய் சீசனில் கூழ் ஃபேக்டரிக்குப் போய் மாங்காய் அறுத்தேன். சீசன் இல்லாத நாளில் அடுத்தவர் கொல்லையில் வேர்க்கடலைக்குக் களை வெட்டினேன். யார் வாசலிலும் போய் நிற்கவில்லை. இதைப் பெருமைக்காகத்தான் சொல்கிறேன். பெருமைப்பட எனக்கு உரிமை இருக்கிறது.

நாகலாபுரம் பக்கம் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு வரை படித்தேன். தமிழாக இருந்தால் எழுத்துக்கூட்டிப் படிப்பேன். இதில் கொஞ்சம் நானே எழுதினேன். கை வலித்த பிறகு நான் சொல்லச் சொல்ல என் பேத்தி, பெரிய மகனின் பெண், எழுதினாள். பேச்சைப் புஸ்தகத் தமிழாக்கியது அவள். விஷயம் என்னுடையது.

எழுதக் காரணம் இருக்கிறது. எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் "உம் பொண்ணு இன்னா வேலை செய்யுது?" என்று கேட்கிறார்கள். கம்ப்யூட்டர் என்று சொன்னால், "எங்க பையனும் கம்ப்யூட்டர்தான்" என்று அடுத்த பேச்சுக்குப் போய்விடுகிறார்கள். என் பெண் செய்வது என்னவென்று எனக்குத் தெரியும். பக்கத்திலிருந்து பார்த்தவள் நான்.

எங்கள் வீடு ஆந்திராவில், சித்தூருக்கு முன்னால் புத்தலப்பட்டு பக்கம். மகளின் வீடு திருப்பதியில், மூன்றாவது மாடியில் ஒரு ஃபிளாட். மருமகன் அதை வாங்கிய கொஞ்ச நாளில் ஜெர்மனியில் வேலை கிடைத்துப் போய்விட்டார். மகளுக்கு பெங்களூர் கம்பெனி. ஆனால் வேலையெல்லாம் வீட்டிலிருந்தே. பெண் பிள்ளை தனியாக இருக்கிறாள், துணைக்கு வந்து இருங்கள் அத்தை என்று மருமகனே போனில் கேட்டார். துணைக்கு என்று கேட்டதால் போனேன். சும்மா வா என்றிருந்தால் போயிருக்க மாட்டேன்.

எங்கள் ஜனத்தில் ஒரு வழக்கம். கட்டிக்கொடுத்த பெண்ணுக்கு ஒரு குழந்தை பிறக்கும்வரை அவள் வீட்டில் அம்மா அப்பா கை நனைக்க மாட்டார்கள். தண்ணீர் குடிக்கலாம். என் அம்மா என்னைப் பார்க்க வரும்போதெல்லாம் மடியில் அரிசி கட்டிக்கொண்டு வந்து, என் அடுப்பிலேயே தனியாகப் பொங்கித் தின்றுவிட்டுப் போவாள். என் மகளுக்குக் கல்யாணமாகி வருஷங்கள் ஆகியும் இன்னும் ஒன்றும் இல்லை. அதனால் நானும் எங்கள் நிலத்து அரிசியைக் கொண்டுபோய், அவள் சமையலறையில் ஒரு மூலையில் என் டின்னை வைத்துக்கொண்டேன். ஒரு சின்னக் குண்டான், கேழ்வரகு மாவு கொஞ்சம். நான் பொங்கியதில் அவளுக்கும் போடுவேன். அம்மா கையால் பெண் தின்னலாம். அதில் தப்பில்லை.

போன முதல் வாரமே ஒரு விஷயம் தெரிந்துவிட்டது. அப்போது அவள் கம்ப்யூட்டரில் போட்டுக்கொண்டிருந்த கணக்கு சரியாக வந்தால், கம்பெனி அவளையும் ஜெர்மனிக்கே எடுத்துக்கொள்ளும். வராவிட்டால் இங்கேயேதான். மருமகனிடம் அவள் போனில் சொல்லும்போது கேட்டேன். என்னிடம் அவள் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

அந்த வீட்டில் பகல் ரொம்ப நீளம். அவள் காதுகளில் இரண்டு கிண்ணத்தைக் கவிழ்த்துக்கொண்டு திரையைப் பார்த்துக்கொண்டிருப்பாள். கிண்ணம் இருக்கும்போது நான் கூப்பிட்டால் கேட்காது. ஜன்னலில் மலை தெரியும். நான் மலையைப் பார்ப்பேன், அவள் முதுகைப் பார்ப்பேன், மறுபடி மலையைப் பார்ப்பேன். எதிர் வீட்டுத் தெலுங்கு அம்மா கதவைத் திறந்தால் "திந்நாரா அவ்வா?" என்பாள். சாப்பிட்டேன் என்பேன். அன்றைக்கு முழுக்க என்னோடு பேசியது அந்த ஒரு வாயாகத்தான் இருக்கும்.

வேலை ஒழுங்காக நடந்தால் மகள் பேச மாட்டாள். சிக்கிக்கொண்டால் பேசுவாள். ஒரு நாள் கிண்ணத்தைக் கழற்றிப் போட்டுவிட்டு, "இங்க வாயேன்மா" என்றாள். போனேன்.

திரையில் இரும்புத் தட்டு ஒன்று. நடுவில் பெரிய ஓட்டை, அதைச் சுற்றிச் சின்ன ஓட்டைகள். பஸ் சக்கரத்துக்குள் இருக்கும் பிரேக் தட்டாம். தட்டு முழுக்கக் கோடு கோடாக, மீன் வலையைப் போர்த்தியதுபோல.

"இன்னா கண்ணு, வலை போட்டு வச்சிருக்க?"

"வலைதாம்மா. மெஷ்னு பேரு. மொத்தத் தட்டயும் ஒண்ணா கேட்டா கம்ப்யூட்டருக்கு பதில் தெரியாது. துண்டு துண்டா வெட்டிக் குடுத்தா ஒவ்வொரு துண்டயும் கேக்கும். உனக்கு எவ்ளோ சூடு, நீ எவ்ளோ விரிஞ்ச, பக்கத்துத் துண்டு உன்ன எவ்ளோ தள்ளுதுன்னு."

"வாயில்லாத துண்டுங்க. அதுங்க பதில் சொல்லுமா?"

"என்ன விட நல்லா சொல்லும்."

"அது சொல்லும். உன்ன கேட்டாதான் 'அப்பறம்மா'ன்ற."

சிரித்தாள். அவள் சிரித்து நான் பார்த்தது நாளாகியிருந்தது.

தட்டுக்கு இரண்டு பக்கமும் இரண்டு கட்டைகள். டிரைவர் பிரேக்கை மிதித்தால் அவை தட்டை அழுத்திப் பிடிக்கும். தேய்ந்து சூடாகும். அவள் எதையோ தட்டினாள். கட்டை நகர்ந்து வந்தது, தட்டில் முட்டவில்லை, தட்டுக்குள்ளேயே புகுந்து அந்தப் பக்கம் வெளியே வந்தது.

"இன்னாடி இது, பேய் மாதிரி பூந்துகினு போவுது?"

"ரெண்டும் தொடுதுன்னு நான் இன்னும் சொல்லல. நம்ம கண்ணுக்குதான் பக்கத்துல பக்கத்துல கீது. அதுங்களுக்கு ஒண்ண ஒண்ணு தெரியவே தெரியாது. இது இத தொடும், தொட்டா தள்ளும், சூடு இங்கருந்து அங்க போவும்னு எல்லாத்தயும் நாமதான் எழுதிக் குடுக்கணும். காண்டாக்ட்னு சொல்வோம்."

"பக்கத்துலயே இருந்தும் தெரியாதா?"

"தெரியாதும்மா."

பிறகு கிண்ணத்தை எடுத்து மாட்டிக்கொண்டாள். நான் சமையலறைக்குப் போனேன்.

எழுதிக் கொடுத்த பிறகும் அது சுலபமாக நடக்கவில்லை. சாயங்காலம் ஓடவிட்டுப் படுப்பாள். காலையில் பார்த்தால் பாதியில் நின்றிருக்கும். திரையில் சிவப்பாக ஏதோ எழுதியிருக்கும். "கன்வெர்ஜ் ஆவல" என்பாள். கட்டை தட்டைத் தொடுகிறதாம், உடனே விடுகிறதாம், மறுபடி தொடுகிறதாம். தொட்டதா விட்டதா என்று முடிவு பண்ண முடியாமல் கம்ப்யூட்டர் கையை விரித்துவிடுகிறது. அப்படி நின்ற நாட்களில் அவள் என் பக்கத்தில் வந்து தரையில் உட்கார்ந்து, என் தட்டிலிருந்தே களியைக் கிள்ளித் தின்பாள். நான் அதைத் தடுக்கவில்லை.

விளக்கேற்றிவிட்டு மலையைப் பார்த்துக் கை கூப்பும்போதுதான் எனக்குக் கஷ்டம். என்ன கேட்பது? கணக்கு ஓடட்டும் என்று கேட்டால் இவள் போய்விடுவாள். ஓட வேண்டாம் என்று பெற்றவள் கேட்கலாமா? அவள் புருஷன் அங்கே, இவள் இங்கே. போனால்தான் குழந்தை குட்டி என்று ஒன்று. அதுவும் எனக்குத் தெரியும். "பெருமாளே, நீ பாத்துக்கோ" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்துவிடுவேன். அவர் பாடு.

ஒரு காலையில் கணக்கு கடைசிவரைக்கும் ஓடியிருந்தது. இனி போய்விடுவாள் என்று நினைத்தேன். ஆனால் அவள் முகம் மலரவில்லை. தட்டில் நீலமும் பச்சையுமாக நிறம் வந்திருந்தது. எங்கே இரும்பு தாங்க முடியாமல் இருக்கிறதோ அங்கே சிவப்பு. சிவப்பெல்லாம் நடுவில் போல்ட் ஓட்டைகளைச் சுற்றி இருந்தது. கம்பெனியிலிருந்து நிஜத் தட்டுகளின் போட்டோ அனுப்பியிருந்தார்கள். அதிலெல்லாம் விரிசல் தட்டின் முகத்தில், மெல்லிசாக, வெயிலில் வெடித்த ஏரி மண்போல. ஓட்டைப் பக்கம் ஒன்றும் இல்லை.

"அதான் ஓடிடுச்சே, அப்புறம் இன்னா?" என்றேன்.

"ஓடுனா போதுமா? பொய் சொல்லுது" என்றாள்.

அந்த நேரத்தில்தான் என் டின்னில் அரிசி தீர்ந்தது, கேழ்வரகு மாவு அதற்கு முன்பே முடிந்திருந்தது. சித்தூரில் இருக்கும் என் பெரிய மகனுக்குப் போன் பண்ணினேன். அவன் ஒரு மூட்டை கட்டி, திருப்பதி வழியாகச் சூளூர்பேட்டை போகும் பஸ்ஸில் கண்டக்டரிடம் சொல்லி ஏற்றிவிட்டான். நான் ஆட்டோ பிடித்து பஸ் ஸ்டாண்டுக்குப் போய்ச் சேர்வதற்குள் பஸ் கிளம்பிவிட்டது. இறக்க மறந்துவிட்டார்கள். என் அரிசி கடல் பக்கத்துச் சூளூர்பேட்டைக்குப் போய்விட்டது. திருப்பதி பஸ் ஸ்டாண்டில் இருந்த ஆள், மூட்டை எனக்கு முன்னால் ஊர் சுற்றக் கிளம்பிவிட்டதாகத் தெலுங்கில் சொல்லிச் சிரித்தான். "ரேப்பு ரண்டி அவ்வா." நாளைக்கு வாருங்கள். நாளைக்குப் போனேன். அன்றைக்கும் ரேப்பு ரண்டிதான்.

கடையில் வாங்கியிருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். மகள் வீட்டில் இருக்கும் கிழவி கீழே இருக்கும் கடையில் அரிசி வாங்கிப் போனால், பெண் சோறு போடவில்லை என்றுதானே கடைக்காரர் நினைப்பார்? என் மானத்துக்காக அவள் மானத்தை விற்க முடியுமா? தள்ளுவண்டியில் வாழைப்பழம் வாங்கினேன். அதைத் தின்று தண்ணீர் குடித்துக்கொண்டேன். மகளிடம் விரதம் என்றேன்.

"சனிக்கெழம விரதம் சரி. திங்கக்கெழம இன்னாம்மா விரதம்?"

"சிவனுக்கு."

"நீ எப்போலருந்து சிவனுக்கு?"

"வயசானா எல்லா சாமியும் வேணும்."

வேறு சமயமாக இருந்தால் கண்டுபிடித்திருப்பாள். இப்போது அவள் கண் என்னைப் பார்த்தாலும் உள்ளே தட்டுதான் ஓடிக்கொண்டிருந்தது. எதிர் வீட்டு அம்மா கோயிலிலிருந்து புளியோதரை கொண்டுவந்து கொடுத்தாள். நான் நின்ற இடத்திலேயே தின்றேன். இலையில் ஒட்டிய பருக்கையையும் விடவில்லை. மகள் தண்ணீர் எடுக்க வந்தவள் பார்த்துவிட்டாள்.

"விரதத்துல புளியோதரயா?"

"பிரசாதத்துக்கு விரதம் இல்ல" என்றேன். போய்விட்டாள்.

மறுநாள் காலை, காபி டம்ளரோடு சமையலறை வாசலில் வந்து சாய்ந்துகொண்டாள். தலை வாரவில்லை. எனக்குத் தலை கொஞ்சம் சுற்றியது, சுவரோரமாக உட்கார்ந்திருந்தேன். அவள் என்னிடம் பேசினாளா, சுவரிடம் பேசினாளா தெரியாது.

"சூடு ஒண்ணும் பண்ணாதும்மா. சூடானா இரும்பு விரியும். எடம் இருந்தா விரிஞ்சிட்டு சும்மா கெடக்கும். எடம் குடுக்காம புடிச்சாதான் உள்ள நெருக்கும். அந்தத் தட்டு மொகத்துல மேல்தோலு மட்டும் நெருப்பா கீது, உள்ள சில்லுனு கீது. உள்ள இருக்கிறது மேல இருக்கிறத விரிய விடாது. அங்கதான் வெடிக்கணும். வெடிச்சும் கீது. அத உட்டுட்டு எனக்கு எதுக்கு போல்ட்டு ஓட்டைல…"

டம்ளர் பாதி வழியில் நின்றது.

"நான்தான ஒட்ட வச்சேன்."

"எத?"

"தட்டயும் நடுவுல இருக்கிற ஹப்பயும். கோந்து போட்டு ஒட்டுன மாதிரி எழுதிக் குடுத்துட்டேன். நெசத்துல அது போல்ட்லதான் நிக்குது. சூடானா கொஞ்சம் நவுந்து குடுக்கும். நான் நவுரவே விடல. விரிய எடமில்லாம அங்க செவந்துபோச்சு."

டம்ளரை அடுப்பு மேடையில் வைத்துவிட்டு ஓடினாள். சின்ன வயதில் கணக்கு வந்துவிட்டால் அவள் அப்படித்தான் ஓடுவாள், குதிகால் தரையில் படாது. அந்த நடையைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. இனி சரியாக வந்துவிடும். எழுந்து அவள் மிச்சம் வைத்த காபியைக் கொட்டி, டம்ளரைக் கழுவி வைத்தேன். அன்றைக்கு முழுக்க அவள் என்னோடு பேசவில்லை.

அடுத்த நாள் காலை சிவப்பு தட்டின் முகத்துக்கு வந்திருந்தது. போட்டோவில் விரிசல் எங்கே இருந்ததோ அங்கேயே. என்னைப் பிடித்து இழுத்துப்போய்க் காட்டினாள். நல்லா கீது கண்ணு என்றேன். பொங்கல் வைக்கிறேன் என்று சமையலறைக்குப் போனாள். உன் அரிசியிலேயே வைக்கிறேன், அப்பதான் நீ துன்னுவ என்று டின்னைத் திறந்தாள்.

டின்னைக் கவிழ்த்துத் தட்டும் சத்தம் கேட்டது.

"அம்மா. இது எப்போ காலியாச்சு?"

"ஆச்சு."

"அப்போ அந்த சிவன்?"

"மூட்ட வந்துரும். சூளூர்பேட்டைல கீதாம்."

"கடல் பாக்கப் போச்சா?" என்று சிரிக்க ஆரம்பித்தவள் அப்படியே அழ ஆரம்பித்துவிட்டாள். "வூட்ல அரிசி நெறய கீது. நீ வாழப்பழம் துன்னுகினு உக்காந்திருக்க. நான் இன்னா உனக்கு சம்பந்தி வூட்டுக்காரியா?"

"உனக்கு ஒரு புள்ள பொறக்கட்டும். அப்புறம் வந்து சம்மணம் போட்டு உக்காந்து துன்றேன். போன்னாலும் எழுந்திரிக்க மாட்டேன்."

அதைச் சொல்லியிருக்கக் கூடாது. அவள் குளிக்கப் போனாள். ஈரத் தலையோடு வந்து அவள் அரிசியில் பொங்கல் வைத்தாள். இலை போட்டுப் பெருமாள் படத்துக்கு முன்னால் வைத்தாள். கற்பூரம் காட்டினாள். மணி எங்கே என்று தெரியாமல் தேடி, கடைசியில் ஒரு கரண்டியால் டம்ளரைத் தட்டினாள். பிறகு இலையை எடுத்து வந்து என் முன்னால் வைத்தாள்.

"இது என் சோறு இல்ல. சாமி சோறு. பிரசாதத்துக்கு விரதம் இல்லன்னு நீதான சொன்ன. துன்னு."

தின்றேன்.

"உப்பு இல்லயே."

"சாமி ஒண்ணும் சொல்லல. நீ சொல்லு."

இரண்டாம் தடவையும் போட்டுக்கொண்டேன். அவள் எதிரில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். காதில் கிண்ணம் இல்லை.

கம்பெனியிலிருந்து கூப்பிட்டார்கள். விசா வந்தது. மூட்டையும் ஒரு வழியாக வந்து சேர்ந்தது. போவதற்கு முன்னால் இருவரும் மலைக்குப் போய்வந்தோம். இறங்கும்போது பஸ் ஒவ்வொரு வளைவிலும் பிரேக் போட்டுப் போட்டு வந்தது. வளைவில் திரும்பும்போதெல்லாம் அவள் தோள் என் தோளில் வந்து இடிக்கும். பாதி இறங்கியதும் கருகிய வாடை வந்தது. எத்தனையோ தடவை மோந்திருக்கிறேன், என்னவென்று கேட்டதில்லை.

"மோந்து பாரு. அதான்" என்றாள்.

"உன் தட்டா?"

"என் தட்டுதான்."

அடிவாரம் தெரிந்தபோது, வெளியே பார்த்தபடி, "நான் போவட்டுமாம்மா?" என்று கேட்டாள். கேட்டது அந்த ஒரு தடவைதான்.

"டிக்கெட் போட்டாச்சில்ல" என்றேன்.

அவள் தலையை ஆட்டினாள்.

ஃபிளாட்டைப் பூட்டிச் சாவியை எதிர் வீட்டு அம்மாவிடம் கொடுத்தோம். துணைக்கு என்று வந்த வேலை முடிந்தது. அவள் சென்னைக்குக் காரில் போனாள். ஊர் வீட்டில் தனியாக இருக்க வேண்டாம் என்று பெரிய மகன் கூப்பிட்டிருந்தான், நான் சித்தூர் பஸ் ஏறினேன். பாதி மூட்டை அரிசி மிச்சமிருந்தது. அதுவும் நானும் ஒரே பஸ்ஸில் வந்தோம். இந்தத் தடவை கண்டக்டரை நம்பவில்லை, காலடியிலேயே வைத்துக்கொண்டேன். புத்தலப்பட்டு வந்தபோது இறங்கி வீட்டுக்குப் போய்விடலாமா என்று இருந்தது. பெரியவன் பஸ் ஸ்டாண்டில் காத்துக்கொண்டிருப்பான் என்று இறங்கவில்லை.

மகன் வீட்டில் யாரையும் கேட்காமல் தின்னலாம். தின்கிறேன். காலையில் எல்லோரும் கிளம்பிப் போவார்கள். சாயங்காலம் வருவார்கள். நடுவில் டி.வி. இருக்கிறது, எல்லாம் தெலுங்கு. இந்த ஜன்னலில் மலை தெரியாது, எதிர் வீட்டுச் சுவர் தெரியும். ஞாயிற்றுக்கிழமை மகள் போனில் முகம் காட்டுவாள். அங்கே நிஜத் தட்டைக் கையில் கொடுத்தார்களாம்.

"தொட்டுப் பாத்தேம்மா. ஆறிப்போயி சில்லுனு இருந்துச்சு."

"ஓடும்போது தொட்டுத் தொலைக்காத" என்றேன். மருமகன் பின்னால் சிரிப்பது கேட்டது. சாப்பிட்டியா என்று கேட்டாள். சாப்பிட்டேன் என்றேன். இப்போதெல்லாம் அது உண்மைதான்.

இவ்வளவுதான். என் பெண் இன்னா வேலை செய்யுது என்று இனி யாராவது கேட்டால் இதைக் கொடுப்பேன். படிக்கத் தெரிந்தவர்கள் படித்துக்கொள்ளட்டும்.

"முடிஞ்சுதா ஆயா?" என்கிறாள் பேத்தி. பேனாவை மூடப்போகிறாள். மூடாதே என்றேன்.

"மொதல்லருந்து ஒரு தடவ படிச்சுக் காட்டு. மெதுவா படி. திரும்பி வந்துடுன்னு எங்கனா எழுதியிருந்தா சொல்லு, அத மட்டும் அடிச்சிடலாம்."